நான்காவது வரிசை

"பெட்டி கீழ விழுந்துடுச்சுன்னு சொல்லிடு. அவ்வளவுதான் கேக்குறாங்க."

மிஷின்காரர் பின்வாசலில் குந்தி உட்கார்ந்து கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். முதலில் மண்ணெண்ணெய், அதன்மேல் சோப்புத்தூள், அதன்மேல் ஒரு பிடி மணல். பாறையைத் துளைக்கிற மிஷினின் கிரீஸ் அப்படித்தான் போகும். நகக்கண்ணில் ஏறியது எப்படியும் போகாது.

அவர் மனைவி கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். முகாமில் எல்லோருக்கும் அவள் பெட்டியக்கா. காலையிலிருந்து வீசிய காற்றில் துணியெல்லாம் செம்மண் நிறமாகிக் கிடந்தது. ஒவ்வொன்றையும் இரண்டு முறை உதறினாள்.

"எந்தப் பெட்டி?"

"தெரியாத மாதிரி கேக்காத. மஞ்சப் பெயிண்ட் அடிச்சது."

"அது விழலையே."

"விழலன்னு எனக்குத் தெரியாதா? விழுந்துச்சுன்னு சொல்லுன்னுதானே சொல்றேன்."

அடுப்படியிலிருந்து நாத்தனாரின் குரல் வந்தது. "விழாத பெட்டிக்கே இவ்வளவு சத்தமா? விழுந்திருந்தா கூரையே பறந்திருக்கும் போல."

அவள் மிஷின்காரரின் அக்கா. முகாம் மெஸ்ஸில் ஒரு கூட்டத்துக்கே சமைத்துப் போட்டுவிட்டு வந்து, வீட்டிலும் அவளே சமைப்பாள். அடுத்தவள் சமையலைச் சாப்பிட்டால் தனக்குச் செரிக்காது என்பாள். மூன்று பேர், இரண்டு அறை, தகரக் கூரை. மூவருக்கும் சோறு போடுவது அந்த முகாம்தான். தம்பி மிஷினில், தம்பி பெண்டாட்டி ஷெட்டில், அக்கா மெஸ்ஸில்.

குன்றுக்கு அடியில் யுரேனியம் இருக்கிறதா என்று பார்க்க வந்த முகாம் அது. ஏதோ ஒரு காலத்தில் பழைய பாறைக்குள் உருகிய குழம்பு நுழைந்து, மேலே வர வழியில்லாமல் உள்ளேயே ஆறிக் கிரானைட்டாக உறைந்துவிட்டது. நுழைந்த பாறையும் ஏற்கெனவே இருந்த பாறையும் முட்டுகிற விளிம்பில், விரிசல்களுக்குள், யுரேனியம் கறுப்பாகப் படிந்திருக்கலாம். இதை ஒரு நாள் மெஸ்ஸில் சின்ன மேடம் பயந்து பயந்து விளக்கினாள். பாறைகளைப் பற்றிப் படித்தவள், வேலைக்குப் புதிது; தட்டைப் பார்த்துக்கொண்டுதான் பேசுவாள். நாத்தனார் முழுக்கக் கேட்டுவிட்டு, "புரிஞ்சுடுச்சும்மா. வீட்டுக்கு மருமக வந்த மாதிரி. வந்தவளும் இருந்தவளும் மோதுற எடத்துலதான் சூடு" என்றாள். அன்று முதல் முகாமில் கிரானைட்டுக்குப் பெயர் மருமகள்.

மிஷின்காரர் துளை போடுவார். நீளமான இரும்புக் குழாய்களை ஒன்றோடொன்று திருகி இறக்குவார்கள். அவற்றை ராடு என்பார்கள். எத்தனை ராடு உள்ளே போயிற்று என்று எண்ணினால் ஆழம் தெரிந்துவிடும். உள்ளிருந்து மணிக்கட்டுப் பருமனில் உருளை உருளையாகப் பாறை வெளியே வரும். அதுதான் கோர். வந்த வரிசை குலையாமல் அதை ஷெட்டில் வைத்துப் பெட்டியில் அடுக்குவது பெட்டியக்காவின் வேலை. ஒரு பெட்டியில் ஐந்து வரிசை. கம்பித் தூரிகையால் சேறு போகத் தேய்த்து, உடைந்த துண்டை உடைந்த துண்டோடு பொருத்திப் பார்த்து, எல்லாவற்றுக்கும் மேலாகச் சிவப்புப் பென்சிலால் நீளமாக ஒரு கோடு இழுப்பாள். இடையிடையே, ராடு எண்ணி மிஷின்காரர் சொல்லும் ஆழத்தை எழுதிய மரக்கட்டைகளைச் செருகுவாள். பல்லும் பல்லும் போலப் பொருந்தாத துண்டு இருந்தால், பொருந்தும்வரை தேநீருக்குக்கூட எழுந்திருக்க மாட்டாள்.

முன்பு போட்ட துளை எதிலும் கறுப்பு வரவில்லை. போன வாரம் முடிந்த துளையில் வந்தது. நான்காவது வரிசையில், ஒரு விரல் அகலத்துக்குத் தார் போல மின்னிய கோடு. சின்ன மேடம் கையிலிருந்த கதிர்வீச்சு மீட்டரைக் கிட்டே கொண்டுபோனதும் அது அலறியது. முகாமின் பொறுப்பாளர் பெரிய சார் பெட்டியின் விளிம்பில் தானே மஞ்சள் பெயிண்ட் அடித்தார். அவர் தூரிகையைத் தொட்டு யாரும் பார்த்ததில்லை.

அடுத்த நாள் இன்னொரு மீட்டரைக் கம்பியில் கட்டித் துளைக்குள் இறக்கினார்கள். அதுவும் அலறியது. ஆனால் இரண்டு வரிசைக்கு மேலேயே அலறியது. பெட்டி நான்காவது வரிசை என்கிறது. இறங்கிய கம்பியின் நீளத்தை வைத்து மீட்டர் இரண்டாவது வரிசை என்கிறது. நாளை மத்தியானம் மேலிடத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள், அந்தக் கறுப்பைப் பார்க்க.

"பெட்டி விழுந்துச்சு, துண்டெல்லாம் கலைஞ்சுச்சு, எடுத்து அடுக்கும்போது ரெண்டு வரிசை மாறிப்போச்சு," என்றார் மிஷின்காரர். "இவ்வளவுதான். ஒரு வாய் வார்த்தை."

பெட்டியக்கா துணிக்குவியலை மடியில் போட்டுக்கொண்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"பெட்டியில மாறல. மீட்டரும் பொய் சொல்லாதுன்னு சின்ன மேடம் சொல்லுச்சு. அப்ப நடுவுல யாரு?"

அவர் தண்ணீர் ஊற்றிக் கையைக் கழுவினார்.

"என்னங்க. எந்த ராட இறக்குனீங்க?"

"இருக்கற ராடத்தான்."

"குட்டையா?"

"குட்டைதான்! என்ன பண்ணச் சொல்ற?"

ராடின் முனையில் மரை தேய்ந்தோ உடைந்தோ போனால், பட்டறையில் அந்த முனையை வெட்டிவிட்டுப் புதிதாக மரை போட்டுக் கொடுப்பார்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு சாண் குறையும். எண்ணும்போது மட்டும் அது முழு ராடுதான். முகாமில் எல்லோரும் அப்படித்தான் எண்ணினார்கள். ஒன்றிரண்டு குட்டை இருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. இந்தத் துளையில் பத்துக்கும் மேல் இறங்கிவிட்டது; கணக்கில் இருந்த ஆழம் துளையில் இல்லை.

"வெறும் துளையா இருந்தவரைக்கும் எவனும் கேக்கல," என்றார். "கறுப்பு வந்துச்சு, மாட்டிக்கிட்டேன். வராம இருந்திருந்தா நல்லவன்."

"புது ராடு கேட்டீங்களா இல்லையா?"

"வாய் வலிக்கக் கேட்டேன். ஸ்டோர்ல இல்லைன்னாங்க. பெரிய சார்கிட்டயே போய் நின்னேன். முதல்ல கறுப்பு வரட்டும், பின்னாலேயே புது ராடு வரும்னாரு."

நாத்தனார் கரண்டியோடு வாசலுக்கு வந்துவிட்டாள். "அப்போ அந்த மனுஷனுக்கே தெரியுமாடா?"

"தெரியும்க்கா."

"தெரிஞ்சுகிட்டே பழிய இவ தலையில போடச் சொல்றாரா?"

"ராடு குட்டைன்னு சொன்னா இதுவரைக்கும் போட்ட துளை அத்தனையும் திரும்பப் பாக்கணும். அவர் தலை உருளும். அதுக்கு முன்னாடி என் தலை. பெட்டி விழுந்துச்சுன்னா ஒரு பெட்டியோட போச்சு."

"என்னோட போச்சுன்னு சொல்லுங்க," என்றாள் பெட்டியக்கா.

"ஒனக்கு ஒண்ணும் ஆகாது. ஷெட்டுலேர்ந்து எடுத்து அக்காகூட மெஸ்ல போட்டுடறேன்னு சொல்லியிருக்காரு. நிழல்ல வேலை. தூக்கறது சுமக்கறது கிடையாது."

"ஏன், மெஸ் என்ன அவ்வளவு எளக்காரமா?" என்றாள் நாத்தனார். தம்பியைக் கேட்டாளா, அவன் பெண்டாட்டியைக் கேட்டாளா என்று தெரியவில்லை.

"எளக்காரம் இல்ல அண்ணி. நாளைக்கு எல்லார் முன்னாடியும் நின்னு, நான் சோத்த அடிபிடிக்க விட்டேன்னு சொல்லச் சொன்னா சொல்வீங்களா?"

"எவன் சொன்னது? என் கையில சோறு அடிபிடிச்சுதுன்னு எவன் சொன்னது?" கரண்டி உயர்ந்தது.

"யாரும் சொல்லல. சும்மா கேட்டேன்."

நாத்தனார் கரண்டியை இறக்கினாள். உள்ளே போனாள். மூடியைத் திறந்து பார்க்கிற சத்தம் கேட்டது.

மிஷின்காரர் துண்டால் கையைத் துடைத்தார். அவருடைய இடது கையில் சுண்டுவிரலின் நுனி இல்லை. ஹெல்பராக இருந்த காலத்தில் இரண்டு ராடுகளுக்கு நடுவே போனது. ராடு தூக்கித் தூக்கி, கிரீஸ் பூசிப் பூசி, எத்தனையோ வருஷம் கழித்துத்தான் மிஷினின் நெம்புகோல் அவர் கைக்கு வந்தது. அதில் கையை வைத்தாலே, கீழே துளைக்கிற பல் கிரானைட்டில் போகிறதா பழைய பாறையில் போகிறதா என்று நடுக்கத்தில் தெரியும் என்பார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் தாழும்.

"மிஷின் போனா நான் திரும்பவும் ராடு தூக்கணும்," என்றார். "நான் சொல்லிக்குடுத்த பையன் நெம்புகோல் புடிப்பான். நான் கீழ நின்னு கிரீஸ் பூசணும். அத நீ பாத்துகிட்டு இருப்பியா?"

"பாப்பேன். மூஞ்சிய வேற பக்கம் திருப்ப மாட்டேன்."

"கல்லுதான் நீ. பாறையோட சேந்து சேந்து கல்லாப் போய்ட்ட."

"கல்லுன்னே வெச்சுக்குங்க. கல்லு பொய் சொல்லாது." அவள் துணியை மடிக்கத் தொடங்கினாள். "ஒரு பெட்டிய கீழ போட்டுட்டு, வாய மூடிகிட்டு, தோணின மாதிரி அடுக்கி வெச்சேன்னு நாளைக்கு நான் சொல்றேன். சரி. நாளன்னிக்கு ஒருத்தன் வந்து, மத்த பெட்டியெல்லாம் எப்படி அடுக்குனேன்னு கேப்பான். ஷெட்டு நெறைய இருக்கு. அத்தனையும் என் கை. அத்தனையும் அதோட குப்பை. உங்களுக்கு மிஷின் போனா வேலைதான் போகும். எனக்கு, செஞ்ச வேலையே போகும்."

அவர் எழுந்து உள்ளே போனார். கோபத்திலும் சாப்பாட்டை விடுகிறவர் அல்ல. பருப்பையும் முட்டையையும் ஒரே கவளமாகப் பிசைந்து, யாரையும் பார்க்காமல் சாப்பிட்டார். நாத்தனார் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, "உப்பு போதுமா?" என்று இரண்டு பக்கமும் கேட்டாள். இரண்டு பக்கமும் பதில் இல்லை. "அப்போ போதும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் காற்று நின்றுவிட்டது. அதுதான் மோசம். தகர ஷெட்டுக்குள் வெயில் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். பெட்டியக்கா வழக்கம்போல மார்பில் கதிர்வீச்சு அளக்கும் வில்லையைக் குத்திக்கொண்டு, கையுறை போட்டு, தரையில் தண்ணீர் தெளித்தாள். மஞ்சள் பெட்டி தனியாகக் கடைசி மூலையில் இருந்தது. அவளும் இன்னொருத்தியுமாக அதைத் தூக்கிவந்து மேசைமேல் வைத்தார்கள். வைக்கும்போது சத்தமே வரவில்லை.

பெரிய சார் வந்தார். பின்னால் சின்ன மேடம். பட்டறை ஆட்களும் மிஷின் ஆட்களும் ஷெட் வாசலில் நிழல் பார்த்து நின்றார்கள். மிஷின்காரர் அவர்களுக்கும் பின்னால் நின்றார்.

பெரிய சார் கத்துகிற ஆள் இல்லை. கண்ணுக்குக் கீழே கருவளையம், கையில் எப்போதும் பாதி குடித்த தேநீர்.

"இங்க பாரும்மா, இது ஒண்ணும் விசாரணை இல்ல. வேலைன்னா கை தவறும். எனக்கும் தவறியிருக்கு. யாரும் உன்னத் திட்டப் போறதில்ல. என்ன நடந்துச்சுன்னு ஒரு தடவை சொல்லிட்டா, மத்தியானம் வர்றவங்களுக்கு நான் விளக்கிக்குவேன்."

பெட்டியக்கா மூடியை எடுத்தாள். குவளையில் தண்ணீர் எடுத்து முதல் வரிசையிலிருந்து ஊற்றிக்கொண்டே வந்தாள். ஈரம் பட்டதும் பாறைக்கு நிறம் வந்தது. மேலே இளஞ்சிவப்பில், பெரிய பெரிய மணிகளாகக் கிரானைட். வரிசை இறங்க இறங்க மணி சிறுத்துக்கொண்டே போயிற்று. பழைய பாறையைத் தொட்ட விளிம்பில் குழம்பு சீக்கிரம் ஆறிவிட்டதால் மணி வளர நேரம் இருக்கவில்லை. நான்காவது வரிசையில் செங்கல் நிறம், அதற்குள் கறுப்பு. அதன் கீழே பழைய பாறை, சாம்பல் நிறத்தில். எல்லாவற்றின் மேலும் அவளுடைய சிவப்புக் கோடு ஒரு இடத்திலும் உடையாமல் ஓடியது. கலைந்து அடுக்கியிருந்தால் அது அங்கங்கே முறிந்திருக்கும்.

"பெட்டி விழல சார்," என்றாள்.

"யோசிச்சுச் சொல்லு."

"யோசிக்க என்ன இருக்கு? என் கைதானே. விழுந்திருந்தா எனக்குத் தெரியாதா?"

சின்ன மேடம் குனிந்து கோட்டைப் பார்த்தாள். "துண்டெல்லாம் பொருந்துது சார்," என்றாள். சொன்னது பெரிய சாருக்குக் கேட்டிருக்காது என்று நினைத்தவள் போல இன்னொரு தடவை சொன்னாள். "பொருந்துது."

"நீங்க இருங்க மேடம்," என்றார் பெரிய சார். தேநீரைக் கீழே வைத்தார். "சரி. மிஷின்காரரே, கொஞ்சம் முன்னாடி வாங்க. நீங்க அப்போ இங்கதான் இருந்தீங்க இல்லையா? பெட்டி விழுந்தத நீங்களே பாத்ததா நேத்து சொன்னீங்களே."

ஆட்கள் விலகி வழிவிட்டார்கள். பெட்டியக்காவின் கையில் குவளை அப்படியே நின்றது. வீட்டில் அவர் இதைச் சொல்லவில்லை. அவள் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால், அவர் எதைச் சொன்னாலும் அது இவள் பார்வைக்குச் சொன்னதாகிவிடும். ஐந்தாவது வரிசைக்குத் தண்ணீர் ஊற்றினாள். ஊற்றி முடித்ததும், ஏற்கெனவே நனைந்திருந்த முதல் வரிசைக்கே மறுபடி ஊற்றினாள்.

மிஷின்காரர் மேசைக்கு அருகில் வந்து நின்றார். பெட்டியைப் பார்த்தார். ஒவ்வொரு நாளும் துளையிலிருந்து அவர் எடுத்துக்கொடுத்த சேறு பூசிய துண்டுகள்தான். கழுவி, பொருத்தி, கோடு போட்டபின் அவற்றை அவர் நின்று பார்த்தது அதிகமில்லை.

"விழல சார்," என்றார்.

"நேத்து வேற சொன்னீங்க."

"நேத்து பொய் சொன்னேன்."

"யோசிச்சுப் பேசுங்க."

"யோசிச்சா பொய்தான் சார் வருது. அதான் யோசிக்காமப் பேசுறேன். ராடு குட்டை. பத்துக்கு மேல குட்டை. முழு ராடுன்னு நான்தான் எண்ணுனேன், என் தப்பு. புது ராடு கேட்டேன், குடுக்கல. அது யார் தப்புன்னு நீங்களே சொல்லுங்க."

வாசலில் யாரோ இருமினார்கள்.

"நீங்க மிஷின்லேர்ந்து இறங்க வேண்டியிருக்கும்," என்றார் பெரிய சார். குரல் அப்போதும் உயரவில்லை.

"எறங்கிக்கறேன்."

பெரிய சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பெட்டியக்காவிடம் திரும்பினார். "சரி, நடந்தது நடந்துச்சு. வர்றவங்ககிட்ட இதையெல்லாம் பேச வேண்டாம். மரக்கட்டைல இருக்கற ஆழத்த அழிச்சிட்டு, மீட்டர் காட்டற நம்பர எழுதிடு. கணக்கு சரியாயிடும்."

அவள் பென்சிலை எடுத்தாள். எழுதவில்லை.

"மீட்டர் நம்பர மீட்டர் எழுதட்டும் சார். இந்தக் கட்டைல ராடு சொல்ற ஆழத்ததான் எழுதணும். ராட அளக்காம நான் எழுத மாட்டேன்."

"இப்போ எப்படி அளக்கறது?"

"துளை முடிஞ்சு ராடெல்லாம் பட்டறை வாசல்லதான் கெடக்கு. அளந்தா ஆச்சு."

"அவங்க வர்ற நேரமாச்சு!"

"அப்போ சீக்கிரம் ஆரம்பிக்கணும்," என்றாள்.

சின்ன மேடம் தன் தோள்பையைத் திறந்து எதையோ தேடினாள். முகம் காதுவரை சிவந்திருந்தது. "டேப் என்கிட்ட இருக்கு," என்றாள். அதைப் பெட்டியக்காவிடம் கொடுக்கவில்லை. மிஷின்காரரிடமும் கொடுக்கவில்லை. தானே எடுத்துக்கொண்டு வெளியே வெயிலில் நடந்தாள்.

முகாமில் சமதளம் என்று இருந்தது ஒரே ஒரு இடம், வாசல் கேட்டிலிருந்து அலுவலகத்துக்குப் போகிற பாதை. மற்றதெல்லாம் மேடும் கல்லும். மிஷின்காரர் ஒரு ராடைத் தோளில் தூக்கிவந்து பாதையில் கிடத்தினார். ஹெல்பராக இருந்தபோது தூக்கியதைப் போலவே, முழங்காலை மடக்கி, மூச்சைப் பிடித்து. இரண்டாவது ராடுக்கு மிஷின் ஆட்கள் இருவர் வந்தார்கள். மூன்றாவதுக்குப் பட்டறைக்காரனே வந்தான். "வெட்டுனவன் நான்தானே," என்றான். முனையோடு முனை முட்ட, ஒன்றன்பின் ஒன்றாகக் கிடத்தினார்கள். பாதையின் நீளம் போதாமல் வரிசை மடங்கித் திரும்பி வந்தது.

நாத்தனார் மெஸ் கதவில் நின்று பார்த்தாள். "என்னடா இது, ரோட்ட அடைச்சுகிட்டு? சாப்பாடு வேணாமா எவனுக்கும்?"

"அளந்துட்டு வரோம்க்கா," என்றார் மிஷின்காரர்.

"அளங்க அளங்க. சோறு சூடாத்தான் இருக்கும். அடியும் பிடிக்காது." உள்ளே போனவள், ஒரு குடம் தண்ணீரை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்ப வந்தாள்.

சின்ன மேடம் டேப்பின் ஒரு முனையைப் பிடித்தாள். மிஷின்காரர் மறுமுனையைப் பிடித்தார். பெட்டியக்கா பாதையின் நடுவில் குந்தி உட்கார்ந்து, அவர்கள் சொல்லச் சொல்ல ராடின் மேலேயே பென்சிலால் எழுதினாள். வெயிலில் இரும்பு சுட்டது. கையுறையைக் கழற்றவில்லை. முழு ராடு, முழு ராடு, குட்டை. முழு ராடு, குட்டை, குட்டை. பெரிய சார் ஷெட் வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஒரு முறை கையை உயர்த்தினார். பிறகு கையை இறக்கிவிட்டார்.

கேட் திறக்கிற சத்தம் கேட்டது. இரண்டு வெள்ளைக் கார்கள் உள்ளே வந்து, முதல் ராடுக்கு முன்னால் நின்றன. கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் முகங்கள் தெரியவில்லை. ஹாரன் அடித்தது. ராடுகளுக்குப் பக்கத்தில் இருந்த யாரும் எழுந்திருக்கவில்லை.

டிரைவர் இறங்கி வந்தான். "என்னம்மா இது? எடுங்க எடுங்க. உள்ள பெரிய ஆளுங்க இருக்காங்க."

"நல்லது. அவங்களும் பாக்க வேண்டியதுதான்," என்றாள் பெட்டியக்கா, தலையை நிமிர்த்தாமல். "எறங்கி நடந்து வரச் சொல்லுங்க. ராட மிதிக்காம வரணும்."

டிரைவர் பெரிய சாரைப் பார்த்தான். பெரிய சார் தன் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கார்க் கதவு ஒன்று பாதி திறந்து நின்றது. பின்னாலிருந்த கார் நீளமாக ஹாரன் அடித்தது.

மிஷின் சத்தத்தைத் தாண்டிப் பேசியே பழகிய குரல் மிஷின்காரருடையது. அது ஹாரனுக்கு மேலே எழுந்தது.

"அடுத்த ராடு!"